பிள்ளைக்காம்பராவின் பின்பாதை

போன வாரம் கந்தப்பளை பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த இளைஞனின் மடியில் ஒரு குழந்தை, சட்டைப் பையில் பால் போத்தல். அவன் மேல் வசம்பு வாசனை. பஸ்ஸில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஒரு காலத்தில் நான் தொண்டு நிறுவனமொன்றில் ஆண்-பெண் சமத்துவ உத்தியோகத்தர். அக்கரப்பத்தனைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய், வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளும்படி ஆண்களுக்கு வகுப்பெடுப்பேன். என் சட்டையை அம்மாதான் துவைத்தார் என்பதை அந்த வகுப்பில் சேர்க்கவில்லை.

தோட்டத்தில் ஆண்களுக்கு இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிடும். பெண்கள் ஐந்து மணிவரை கொழுந்து பறிப்பார்கள். அதுவரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக்காம்பரா இருந்தது. ஆனால் அங்கிருந்து குழந்தையைத் தூக்கி வருவது அம்மாவின் வேலை. அப்பா தூக்கினால் லயமே சிரிக்கும். "இனி நீங்க தூக்கிட்டு வருவீங்களா?" என்று கேட்டேன். எல்லாக் கையும் உயர்ந்தது. சாப்பாட்டுப் பார்சல் அப்போது இன்னும் கொடுக்கப்படவில்லை.

அந்த வருடம்தான் கொழுந்து பறிக்கும் செல்விக்கு, பறிப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணி வேலைக்கு நுவரெலியாவில் மூன்று நாள் பயிற்சி கிடைத்தது. அந்தத் தோட்டத்தில் அதுவரை பெண் கங்காணியே இல்லை. ஒன்றரை வயது மகளைக் கணவர் முருகையாவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"இவரு நடுவுல கூப்பிட்டா நான் வந்துருவேன் சார். வந்தேன்னா, பொம்பளைக்கு இது சரிவராதுன்னு முடிச்சிருவாங்க. நீங்கதான் பொறுப்பு."

நெஞ்சை நிமிர்த்தித் தலையாட்டினேன்.

முதல் நாளே முருகையா முரண்டு பிடித்தார். "ரோட்டால வரமாட்டேன் சார். மானம் போயிரும்." தேயிலைக்குள்ளே ஒரு குறுக்குப் பாதை இருந்தது. மழைக்கோட்டுக்குள் குழந்தையை ஒளித்துக்கொண்டு அவர் முன்னே, காவலுக்கு நான் பின்னே. இரண்டாம் நாள் அட்டை கடித்தது, அவரையல்ல, என்னை. அன்று அவர், "செல்விக்குப் போன் போட்டுருவோமா சார்?" என்றார்.  "நாளைக்கு ஒரு நாள்தாங்க" என்று கெஞ்சினேன்.

மூன்றாம் நாள் வளைவில் திரும்பினால், பாறை மறைவில் நாலு பேர் குந்திக்கொண்டிருந்தார்கள். நாலு மழைக்கோட்டும் அசைந்தன. நால்வரும் என் வகுப்பில் கை தூக்கியவர்கள்; வீட்டுக்காரியின் நச்சரிப்பு தாங்காமல், அவரவர் தனியாகத்தான் ஒளிந்து வருவதாக நினைத்திருந்தவர்கள். நால்வரும் கோட்டை இழுத்து மூடினார்கள். ஒரு கோட்டுக்குள்ளிருந்து "அப்பா" என்று சத்தம் வந்தது.

"பீடி இருக்கா?" என்றார் முருகையா.

அவ்வளவுதான், விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அஞ்சு பேரு இருக்கோம்ல, ரோட்டாலயே போவோம். எவன் சிரிக்கிறான்னு பாத்துருவோம்" என்றார் மூத்தவர். போனார்கள். செல்விக்குப் போன் போகவில்லை. அவள் பயிற்சியை முடித்தாள். "உத்தியோகத்தரின் அயராத முயற்சியால்" என்று நான் அறிக்கை எழுதினேன்.

போன வாரம் அந்தக் கந்தப்பளை பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் மனசு கேட்கவில்லை. மறுநாள், இத்தனை வருடம் கழித்து, அந்தத் தோட்டத்துக்கே போனேன். செல்வி இப்போது கங்காணி; கொழுந்து மலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. முருகையா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். குறுக்குப் பாதையைக் காணவில்லை, மானாப்புல் மூடிக் கிடந்தது.

"அந்தப் பாதை என்னாச்சுங்க?"

"எந்தப் பாதை சார்? நான் எப்பவும் ரோட்டாலதானே புள்ளைய தூக்கிட்டு வந்தேன்."

பொய் சொல்கிறாரா, உண்மையிலேயே மறந்துவிட்டாரா என்று முகத்தில் தேடினேன். அந்தப் பழைய வெட்கம் மருந்துக்கும் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆமாங்க, ரோட்டாலதான் வந்தீங்க என்று நானும் ஒத்துக்கொண்டேன்.