லூர்து அக்காவின் குருத்தோலை

துக்கமணி அடிக்க என்னைக் கூப்பிட வந்தவர் சொல்லித்தான் மரியசூசை உபதேசியார் இறந்த செய்தி எனக்குத் தெரிந்தது. விபூதிப் புதனுக்கு மூன்று நாள் இருந்தது. கயிற்றைப் பிடித்தபோது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவரை அறிந்த நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் சாமியார் இல்லாத எங்கள் கோயிலை அவர்தான் தாங்கினார். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, செத்தவர்களைப் புதைத்துக்கொண்டு, ஞாயிறு தவறாமல் ஜெபமாலை சொன்னார். என் அக்கா லூர்து காய்ச்சலில் கிடந்தபோது ஒரு பகல் முழுவதும் அவள் தலைமாட்டில் முழந்தாளில் இருந்தார். "மனுஷன் மாறுவான், ஆண்டவர் மாறமாட்டாரு" என்பார். அதை அக்கா கடைசிவரை நம்பினாள்.

அவள் காஜா பெராங் பகுதியில், கம்போங் செட்டி என்ற குடியிருப்பைச் சேர்ந்த ஒருவரை மணந்தாள். அத்தான் இந்து, வீட்டில் மலாய்தான் பேச்சு. அன்றிலிருந்து உபதேசியாருக்கு அவள் ஆகாதவள். அப்போதிருந்த வெள்ளைக்காரச் சாமியாருக்குத் தமிழ் தெரியாது. உபதேசியார் வைத்ததே சட்டம். விபூதிப் புதனுக்குச் சாம்பலாக எரிக்கப் போன வருஷத்துக் குருத்தோலைகளை அவர் வீடு வீடாகப் போய் வாங்குவார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். அக்கா ஓலையோடு வாசலில் நிற்பாள்.

"அந்த வீட்டு ஓலை வேணாம். சாம்பல் தீட்டாயிரும்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பாராமல் நடப்பார்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "அவரு வாங்காட்டி என்னடா தம்பி? ஆண்டவரு வேணாம்னா சொல்லப்போறாரு? பைக்குள்ள போடுலா."

போடுவேன். அந்தச் சாம்பலை நெற்றியில் வாங்கிக்கொண்டு உபதேசியார் தவக்காலம் முழுவதும் சிலுவைப் பாதை நடத்துவார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். என் வீரம் அவ்வளவுதான்.

போன வருஷம் மெர்டேக்கா அன்று, நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த நாளில், மணியை நிறுத்தாமல் அடிக்கச் சொன்னவரும் அவரே. "இனிமே எல்லாரும் ஒரே ஜனம்பா" என்று கண்கலங்கினார். அந்த வருஷக் கடைசியில் அக்கா பிரசவத்தில் இறந்தாள். "வெலகிப் போனவளுக்கு மணி கெடையாது, ஜெபமும் கெடையாது," என்றார். மணிக்கயிறு என் கையில்தான் இருந்தது. நான் அடிக்கவில்லை. அத்தான் வீட்டார் தங்கள் மயானத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். என் கசப்பில் பாதி என்மேல்தான்.

உபதேசியாரை அடக்கம் செய்த மறுநாள் ஓலை சேகரிக்க நான் தனியாகப் போனேன். அவர் வீட்டு நிலைக்கு மேல் அவர் செருகிய ஓலை அப்படியே இருந்தது. அந்த வீட்டு ஓலை வேண்டாம் என்று முடிவுசெய்தேன். எடுக்காமல் நடந்தேன். யார் கேட்கப்போகிறார்கள்?

காஜா பெராங்கில் அத்தான் ஓலையோடு வாசலில் நின்றிருந்தார். போன குருத்து ஞாயிறு அக்கா கொண்டுவந்தது. "டியா பூன்யா," என்றார் மலாயில், அவளுடையது என்று. அதைப் பையில் போட்டுக்கொண்டு, உபதேசியார் வீட்டுக்கே திரும்பி நடந்தேன்.

நிலைக்கு மேலிருந்த ஓலையை எடுத்து, மற்ற ஓலைகளோடு இரண்டையும் அவர் வருஷாவருஷம் எரிக்கும் மண்சட்டியிலேயே எரித்தேன். மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். அவர் மாறினார், நானும் மாறினேன். ஆண்டவர் மட்டும் அக்காவின் ஓலையை ஒரு வருஷம்கூட வேண்டாமென்று சொல்லவில்லை. உபதேசியாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சட்டியும் ஓலை எரிக்கும் இந்த வேலையும்தான். புதன்கிழமை சாமியார் என் நெற்றியில் பூசிய சாம்பலில் எது அவருடையது, எது அக்காவுடையது என்று எனக்குத் தெரியவில்லை.