ட்ராமின் பின்சக்கரங்கள்

செம்பூரில் எனக்குத் தெரியாமல் இன்னொரு ட்ராம் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று நான் நம்பினேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். பின்னால் அதற்கு அவ்வளவு வசதி இருக்காது.

நிஜ ட்ராம் இல்லை. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் சுருட்டுப் பெட்டி மரத்தில் செய்கிற ட்ராம். மேஜைமேல் நிற்கும். அதைச் செய்ய எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார். அவர் என்னைக் கழற்றிவிட்டு, வேறு யாருடனோ, எங்களுடையதைவிடப் பெரிய அளவில் ஒரு ட்ராம் கட்டுகிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளவன், நாற்பதைத் தாண்டியவன், ஆபீசில் நாலு பேருக்கு மேலதிகாரி, சோறு இறங்காமல் திரிந்தேன். என் மனைவி எனக்கு ஜாதகத்தில் ஏதோ நடக்கிறது என்று நினைத்தாள்.

அவரும் நானும் மாட்டுங்காவில் ஒரே கட்டடம். அவர் கீழ் வீடு, நான் இரண்டாவது மாடி. ஆபீசும் ஒன்றே. அவர் வரைபடப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மன். பென்சிலைச் சீவினால் அந்த முனையைப் பார்க்கவே நாலு பேர் வருவார்கள். நான் கணக்குப் பிரிவு. என் முனையைப் பார்க்க யாரும் வந்ததில்லை. ஆனால் மத்தியானம் கேன்டீனில் என்னைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். மானேஜர் மூக்குப்பொடி போடுவது, கேஷியர் தும்முவதற்கு முன் முகத்தைத் தயார் செய்வது, எல்லாம் நடித்துக் காட்டுவேன். யாரையும் விட்டதில்லை.

எங்கள் கைவேலைக்கு நவராத்திரிதான் அரங்கேற்றம். கொலுப்படிக்குக் கீழே கடுகும் வெந்தயமும் முளைக்கவிட்டுப் பார்க் போடுவார்கள் அல்லவா, அந்தப் பார்க் எங்கள் ராஜ்யம். முதல் வருஷம் கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனைச் செய்து வைத்தோம். என் மனைவி அதன் வாசலில் செட்டியார் பொம்மையைக் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டாள். எங்கள் கணக்குப்படி அந்தச் செட்டியார் முப்பதடி உயரம். எழுந்தாரானால் கூரை போய்விடும். அளவு ஒத்துவரவில்லை என்று நண்பர் மிகவும் தயங்கித்தான் சொன்னார். "செட்டியார் என் கல்யாணத்தோட வந்தவர். உங்க ஸ்டேஷன் முந்தாநாள் வந்தது" என்று அவள் முடித்துவிட்டாள். நண்பர் சிரித்துக்கொண்டே ஸ்டேஷனைத்தான் நகர்த்தி வைத்தார்.

ட்ராமை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு உறுதியானதும் அவருக்கு ஒரு வெறி பிடித்தது. ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று போரிபந்தரிலிருந்து தாதர்வரை மாடி ட்ராமில் ஏறி வந்தாராம். பம்பாய் என்பதே அவருக்கு அந்த மாடி ஜன்னல்தான்.

"நெஜ ட்ராம் நிக்கறதுக்குள்ள நம்ம ட்ராம் நிக்கணும், ஓய்" என்றார். நிற்பது என்ற சொல்லில் அவர் சொன்னதும் நான் கேட்டதும் ஒன்றுதான்: மேஜைமேல், நாலு சக்கரத்தில், நேராக.

உடம்பு என் பொறுப்பு, சக்கரமும் அடிச்சட்டமும் அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் தாதரில் ஏறி, நூலில் முடிச்சுப் போட்டு ஸீட்டையும் படியையும் அளப்போம். ஒரு கண்டக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "க்யா சேட், ட்ராம் கா குர்த்தா ஸீனேகா?" என்று கேட்டான். ட்ராமுக்குக் குர்த்தா தைக்கிறவர்கள் என்று அதற்கப்புறம் எங்களுக்கு டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் ஒரு சலாம் வைப்பான். ஜன்னல் கண்ணாடிக்கு என் மாமனாரின் எக்ஸ்ரே படத்தைச் சோடாக்காரத்தில் ஊறவைத்துத் தேய்த்தோம். எவ்வளவு தேய்த்தும் மாடியில் ஒரு ஜன்னலில் அவருடைய விலா எலும்பு லேசாக நிழலாடுகிறது. என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது.

சக்கரத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி அழகானது. எங்கள் அளவுக்கு ட்ராம் சக்கரம் சரியாக ஒரு பைசாக் காசு. பித்தளைத் தகட்டின்மேல் காசை வைத்துக் கோடு இழுத்து, வெட்டி, அரத்தால் ராவ வேண்டியதுதான். காசையே ஒட்டிவிடலாமே என்றேன். "அசோகச் சிங்கம் தண்டவாளத்துல உருளறதா?" என்று கோபித்துக்கொண்டார். முன்சக்கரங்கள் இரண்டையும் தந்தார். நகைக் கடையில் வைக்கலாம்.

அதற்கப்புறம் அவர் வருவது நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்பார். இல்லாவிட்டால், நீரே அளந்துக்கும் என்பார். பின்சக்கரங்கள் வெகுநாள் கழித்து, செய்தித்தாளில் சுற்றி, அவர் மனைவி கையில் மாடிக்கு வந்தன. பூட்டிப் பார்த்தேன். ட்ராம் பின்பக்கத்தைத் தூக்கி, முன்னால் குனிந்து, பெரியவர்களுக்கு நமஸ்காரம் செய்வதுபோல் நின்றது. பின்சக்கரம் பெரிசு.

என்னைப் போன்றவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் யாரோ கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். நான் செய்த உடம்பு சின்னது என்று குத்திக்காட்டுகிறார், நாளைக்கு வந்து சிரிப்பார், நானும் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை. ஆபீசில் அப்போது அடி, அங்குலத்தை விட்டு மீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பமோ என்று யோசித்தேன். ஆனால் அவர் தூக்கத்தில்கூட அளவு பிசகுகிற ஆள் இல்லை. அப்படியானால் ஒன்றுதான் மிச்சம். இந்தச் சக்கரம் இந்த ட்ராமுக்குச் செய்ததே அல்ல. வேறு ஒரு பெரிய ட்ராமுக்குச் செய்தது, தவறி எனக்கு வந்துவிட்டது.

சாட்சியங்கள் குவிந்தன. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் அவர் செம்பூர் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தேன். அவர் மனைவியைக் கேட்டால், "ஏதோ வேலையாம்" என்று அடுப்பைப் பார்த்துப் பதில் சொன்னாள். ஆபீஸ் வராந்தாவில் எதிரே வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தாண்டிப் போனார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று கேன்டீனில் அவரை நடித்தேன். காகிதத்தை மூக்கால் முகர்ந்து படம் வரைவது, கதவு இருக்கும் இடத்தை விட்டுச் சுவரில் நுழையப் பார்ப்பது. நல்ல சிரிப்பு. அவர் அங்கே இல்லை. ஆனால் வரைபடப் பிரிவு பக்கத்து அறை.

அடுத்த சனிக்கிழமை பின்தொடர்ந்தேன். மைத்துனனின் கறுப்புக் கண்ணாடி, மழைத்தொப்பி. மழைக்காலம் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கிங்ஸ் சர்க்கிளில் அவருக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் சுருண்டு உட்கார்ந்தேன். அவர் ஏறி, கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து, பம்பாயில் அத்தனை ஸீட் இருக்க, என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் நெஞ்சு அடித்த அடியில் பஸ் நின்றுவிடும்போல் இருந்தது. அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பாய்சாப், செம்பூர் ஆயா தோ போல்னா" என்றார்.

தலையாட்டினேன். செம்பூர் வந்தால் சொல்லுங்கள் என்று மறுபடியும் அதையே கேட்டார். தொண்டையை மாற்றிக்கொண்டு "ஹாம்" என்றேன். அவர் திருப்தியாக முன்னால் திரும்பிக்கொண்டார். என்ன நடிப்பு, என்னையே தூக்கிச் சாப்பிடுகிறாரே என்று வயிறெரிந்தது. ஸயான் தாண்டிச் செம்பூர் வரும்வரை, தோளோடு தோள் உரச, அந்நியனாக உட்கார்ந்திருந்தேன்.

இறங்கி, குடியிருப்புக் காலனியின் மதிலோரமாக நடந்தார். மதிலை விரலால் தடவிக்கொண்டே போனார். மதிலை அளக்கிறார், அடுத்த மாடல் இந்தக் காலனி என்று நான் முடிவு கட்டினேன். கீழ்த்தளத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். கொஞ்சம் பொறுத்து நானும் நுழைந்தேன், போட்டி ட்ராமைக் கையும் களவுமாகப் பிடிக்க.

உள்ளே ட்ராம் இல்லை. நீளமாக ஒரு பெஞ்சு. அதில் ஏழெட்டுப் பேர் தலையை அண்ணாந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிய வாசனை. என்ன ஏது என்று புரிவதற்குள் ஓர் அம்மாள் என் தோளைப் பிடித்து அழுத்தினாள். "கறுப்புக் கண்ணாடி போட்டவுக முதல்ல. ரொம்ப முத்தினவுக." நான் இல்லை என்பதற்குள் கண்ணாடி போயிற்று, இமை விரிந்தது, இரண்டு கண்ணிலும் பச்சிலைச் சாறு இறங்கிவிட்டது. மிளகாயை அரைத்து வைத்ததுபோல் இருந்தது. "ஐயையோ" என்று என் சொந்தக் குரலில் அலறினேன்.

பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து, "ஓய், நீரா?" என்று கேட்டது.

"நான்தான்."

பிறகு மெதுவாக, "உமக்குமா?" என்றார்.

அந்தக் குரலை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கும் கண் போகிறது என்று அவர் பதறியிருந்தார். எனக்கு ஒன்றுமில்லை, உம்மைத் துரத்திக்கொண்டு வந்தேன் என்று சொல்லி, சாறு வழிய வழிய, போட்டி ட்ராம் கதை முழுவதையும் சொன்னேன். அவர் குலுங்கிச் சிரித்தார். பக்கத்திலிருந்தவர்கள் மருந்து கொட்டிவிடப் போகிறது என்று அதட்டினார்கள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான் என்றேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

ஒரு வருஷத்துக்கு மேலாகவே பார்வை ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வருகிறதாம். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்களாம். ரிட்டையர் ஆக இன்னும் சில வருஷம் இருக்கிறது; ஆபீசுக்குத் தெரிந்தால் படம் வரைகிற பலகையை வாங்கி வைத்துவிடுவார்கள். அதுவரையாவது இந்தச் சாறு ஓட்டிக்கொடுக்காதா என்று வருகிறார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றேன்.

"நீர் யார்கிட்டயும் சொல்ல மாட்டீர், ஓய். அது எனக்குத் தெரியும்." கண்ணை மூடியபடியே சொன்னார். "ஆனா நடிச்சுக் காட்டுவீர்."

இருவரும் அண்ணாந்தபடி உட்கார்ந்திருந்தோம். என் கண்ணில் நீர் வழிந்தது மருந்தினால் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

அதன் பிறகு ஆபீசுக்கு நாங்கள் சேர்ந்து போனோம். படி வருகிற இடத்தில் படியைப் பற்றி ஒரு ஜோக், கதவு வருகிற இடத்தில் கதவைப் பற்றி ஒரு ஜோக் என்று அவர் காதருகே பேசிக்கொண்டே நடப்பேன். பார்க்கிறவர்களுக்கு வழக்கமான அரட்டை. கேன்டீனில் கேட்டால் தொண்டை சரியில்லை என்றேன். சில மாதம் தாக்குப்பிடித்தோம். பிறகு ஒரு படத்தில் ஒரே கோட்டை இரண்டு தடவை, இரண்டு இடத்தில் இழுத்திருந்தார். அதை மறைக்க எனக்கு ஜோக் தெரியவில்லை. பலகையை வாங்கிக்கொண்டார்கள். மாலை போட்டு, காப்பி கொடுத்து, அனுப்பிவைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள், உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி ட்ராம் ஓடிய அன்று மாட்டுங்கா பாதி தாதரில் இருந்தது. நான் மேஜையிலிருந்து எங்கள் ட்ராமை எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போனேன். பெயின்ட் அடித்து முடித்திருந்தேன். அவர் மடியில் வைத்தேன். அதற்குள் அவருக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது.

விரல் மாடிப்படியில் ஏறிற்று. ஜன்னல் ஜன்னலாகப் போயிற்று. "பேஷ்" என்றார். கூரையில் கம்பியைத் தொட்டு, மறுபடி கீழே இறங்கி, முன்சக்கரத்தைத் தடவி, பின்சக்கரத்தில் வந்து நின்றது. இரண்டையும் மாற்றி மாற்றித் தடவினார்.

"பின்னாடி தூக்கிண்டு நிக்கறதே. இந்தச் சக்கரம் யார் பண்ணினது?"

"நான்தான்" என்றேன். "நீர் அனுப்பினது எங்கேயோ தொலைஞ்சுபோச்சு."

"அதானே பார்த்தேன்." அவர் முகம் மலர்ந்தது. "கணக்குப் பிரிவு ஆளை அரம் தொட விடப்படாதுங்கறது இதுக்குத்தான், ஓய்." வெகுநேரம் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

நான் கிளம்பும்போது அவள் மாடிப்படிவரை கூடவே வந்தாள். பின்சக்கரத்துக்கு அவர் கோடு இழுத்தபோது தான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். சில்லறைக் கிண்ணத்தில் தடவித் தடவி அவரே ஒரு காசை எடுத்தாராம். நாங்கள் இரண்டு பேரும் பேசி அளவை மாற்றிவிட்டோம் என்று நினைத்து அவள் ஒன்றும் சொல்லவில்லையாம்.

செம்பூரில் ட்ராம் எதுவும் இல்லை. ஒரு பைசா என்று நினைத்துத் தகட்டின்மேல் அவர் வைத்தது நாலணாக் காசு.