சூடு இறங்கும் என்று நான் சொன்னது

திருவொற்றியூர்த் தொழிற்சாலை டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு திங்கட்கிழமை காலை, பாய்லருக்குக் கரி தள்ளும் அந்தோணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாக்கு உலர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

ராத்திரியெல்லாம் ஓயாமல் மூத்திரம் போனதாகச் சொன்னார். அந்த மூத்திரத்தை பெனடிக்ட் கரைசலில் காய்ச்சிப் பார்த்தேன். நீலம் மாறவில்லை, சர்க்கரை வியாதி இல்லை. டாக்டர் முகம் சுருங்கியது.

"மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்புல தண்ணியை நிறுத்தி வைக்கிற ஹார்மோன் அங்கேருந்துதான் வருது. அது வத்திப்போயிருந்தா இந்த ஆளை பாய்லர்கிட்ட விடக் கூடாது. அன்ஃபிட்னு எழுத வேண்டியதுதான்."

அந்தோணிக்கு நாலு பிள்ளைகள். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

டாக்டர் நகர்ந்ததும் அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், போலீஸ்ல சொல்லிடாத. நேத்து சாராயம் போட்டுகினேன்." மதுவிலக்குக் காலம் அது. "நீதான சார் சொன்னே, நீரு நல்லா பிரிஞ்சா சூடு எறங்கும்னு? சாராயம் போட்டா நல்லா போவுது. ஒடம்புக்கு நல்லதுன்னு நெனச்சிகினு கீறேன்."

எனக்குச் சுருக்கென்றது. பாய்லர் ஆட்கள் எல்லாரிடமும், கேட்காமலே, அதைத்தான் சொல்லி வந்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் அந்தோணி கெட்டார்.

"டாக்டர்கிட்ட சொல்லியாகணும்," என்றேன். பயந்தார், பிறகு தலையாட்டினார்.

என் பங்கையும் சேர்த்தே சொன்னேன். டாக்டர் முறைத்தார். "சாராயம் அந்த ஹார்மோனை வரவிடாமத் தடுக்கும்யா. குடிச்சதைவிட அதிகமா வெளியே போயிடும். மூணு நாள் தொடாம இருக்கட்டும், சுரப்பி வேலை செய்யுதான்னு பாத்துடுவோம்."

வியாழக்கிழமை அந்தோணியைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் என் எதிரே உட்கார வைத்தோம். சுரப்பி உயிரோடு இருந்தால், தாகத்தில் மூத்திரம் கெட்டியாகும். மணிக்கொரு தடவை அதில், கெட்டி கூடக்கூட மேலே எழும்பும் யூரினோமீட்டரை மிதக்கவிட்டேன். மத்தியானம் கருவி மேலே ஏறத் தொடங்கியது. மூன்று மணிக்கு மூத்திரம் டீத்தண்ணி நிறம். அந்தக் குடுவையைக் கையில் ஏந்திக்கொண்டு, வெட்கமே இல்லாமல் டாக்டரிடம் ஓடினேன்.

"ஃபிட்" என்று எழுதினார். சாராயத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அந்தோணி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அழுதார். நானும்தான்.

அவர் அதே பாய்லரில் பல வருடம் வேலை செய்தார், உப்பு மோர்த் தூக்கோடு. அன்றிலிருந்து மயங்கி வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்பேன்: என்ன குடிச்சே? அது நல்லதுன்னு யார் சொன்னது?

இரண்டாவதுக்கு ரொம்ப நாள்வரை, "நீதான் சார்," என்றே பதில் வந்தது.