கடலுக்குள் தள்ளிய வட்டம்

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த மச்சானுக்கு உம்மா முதலில் சோறு வைத்தார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை, மனைவியின் வீட்டில்தான் வந்து வாழ்வார். முதல் கறித்துண்டு அவருக்கே. அவர் பேச்சுக்கு மறுபேச்சும் இல்லை. என் இரண்டாவது ராத்தாவை மணந்து சாய்ந்தமருதுக்கு வந்த இவர் சம்மாந்துறைக்காரர், அரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பம். வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று அவர் கைபேசியில் செய்தி பார்த்தபடி சாப்பிட்டார். எங்கோ ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டை அணுகுண்டால் அழித்துவிடுவதாக மிரட்டியிருந்தார்.

"ரெண்டு போட்டாத்தான் அவனுகள் அடங்குவானுகள்," என்றார் மச்சான், மீன் முள்ளை விலக்கிக்கொண்டே. "வருசக் கணக்கா இழுபடாம ஒரு நாளையில முடிஞ்சிரும்."

"ஆலையில மெஷின் நிண்டாலே பதறுற ஆள் நீங்க," என்று ராத்தா சிரித்தாள். "குண்டு போடப் போறீங்களாக்கும்!"

அந்தச் சிரிப்பு அவருக்கு உற்சாகம் தந்திருக்க வேண்டும். இணையத்தில் ஒரு வரைபடத்தைத் திறந்தார். எந்த ஊரைத் தொட்டாலும், அங்கே ஓர் அணுகுண்டு விழுந்தால் எதுவரை எரியும், எதுவரை கட்டடங்கள் சரியும் என்று அது வட்டங்கள் வரைந்து காட்டும். உலகில் வேறு ஊரே இல்லாததுபோல் அவர் சாய்ந்தமருதைத் தொட்டார்.

"பாருங்க மாமி, கல்முனை போச்சு, காரைதீவும் போச்சு. சம்மாந்துறை தப்பிட்டு! இந்த நடு வட்டத்துக்குள்ள மையித்தே மிஞ்சாதாம். உங்களுக்குக் குளிப்பாட்டுற வேலையும் மிச்சம்."

உம்மாவின் கையிலிருந்த கறிக்கரண்டி அப்படியே நின்றது.

எங்கள் பகுதியில் பெண்கள் இறந்தால் அந்த மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்ற அழைக்கப்படுபவர் என் உம்மா. சுனாமிக்குப் பிறகுதான் அவர் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். அவருடைய மூத்த மகளை, நான் பார்த்தேயிராத என் பெரிய ராத்தாவை, அலை கொண்டுபோயிற்று. உடல் கிடைக்கவில்லை. தன் பிள்ளையின் மேல் கடைசித் தண்ணீரை ஊற்றக் கிடைக்காதவர், அன்றிலிருந்து ஊரார் பிள்ளைகளுக்கு ஊற்றுகிறார். மச்சானுக்கு இது தெரியும். தெரிந்த ஒன்றை ஒரு பகிடிக்காக மறக்க முடிகிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஹிரோஷிமாவின் கற்படி ஒன்றைப் பல்கலைக்கழக வகுப்பில் எங்களுக்குப் படமாகக் காட்டியிருந்தார்கள். அதில் அமர்ந்திருந்தவரின் நிழல் மட்டும் கல்லில் எஞ்சியிருந்தது. விரிவுரை முடிந்ததும் நாங்கள் குறிப்பேடுகளை மூடிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனோம். நிழலைக் குளிப்பாட்ட முடியாது, அதற்குக் கபன் வெட்ட முடியாது, அதை மக்கா இருக்கும் கிப்லாத் திசை நோக்கித் திருப்பிக் கிடத்த முடியாது என்பதெல்லாம் அன்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது, சோற்றுப் பாயில் அமர்ந்திருக்கையில் தோன்றியது. மச்சானிடம் சொல்ல வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்கினேன்.

"அதை இங்கால தாங்க மகன், பாப்பம்," என்றார் உம்மா.

மச்சான் பெருமையோடு நீட்டினார். உம்மா வட்டத்தின் நடுவே, கடற்கரை ஓரமாக விரலை வைத்தார். சுனாமிக்கு முன் எங்கள் பழைய வீடு நின்ற இடம் அது. சோற்றுக்கையின் ஈரத்தோடு அதைத் துடைக்கப் பார்த்தார். வட்டம் அழியவில்லை. விரலோடு சேர்ந்து மேற்கே நகர்ந்து, வயல்களைத் தாண்டிச் சம்மாந்துறையின் மேல் போய் நின்றது.

மச்சான் கைபேசியைப் பறித்தார். பறித்தார் என்பதே சரியான சொல். மாமியாரின் விரல் மடங்கியதை நான் பார்த்தேன்.

"அங்க எங்கட உம்மா இருக்கா, மாமி!"

"ஓம் மகன்," என்றார் உம்மா. "தெரியும்."

மச்சான் முகம் சிவக்க அந்த வட்டத்தைக் கிழக்கே இழுத்தார். சம்மாந்துறையிலிருந்து விலக்கி, எங்கள் வீட்டையும் கடற்கரையையும் தாண்டி, நீலத்துக்குள் தள்ளினார்.

"சரி மாமி, கடலுக்க விட்டுட்டன். அங்க ஒருத்தருமில்ல."

குண்டு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஓர் இடத்தைக் காட்டி இதையேதான் சொல்கிறார்கள்.

"அங்க பெரிய ராத்தா கிடக்கா, மச்சான்," என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு எதிராக யாரும் குரல் உயர்த்தியதில்லை. உம்மா அதட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அதட்டவில்லை. எழுந்து கை கழுவப் போனார். குழாய் திறந்த சத்தம் கேட்டது. மூடிய சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.