சூசை அண்ணை கமெராவுக்கு முன்னால் இருந்த பின்னேரம்

ரொறொன்ரோவுக்குக் கிழக்கே விட்பியிலிருந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வழக்கம்போல வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தபோது சூசை அண்ணையின் மனைவி பிலோமினா அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "தங்கச்சி, அவர் விடியப்பறம் போயிட்டார். நித்திரையிலதான். ஒரு கஷ்டமும் படேல்லை" என்றார். அவர் குரல் நடுங்கவில்லை. நான்தான் அடுத்த வழியால் இறங்கி, ஒரு கோப்பிக்கடை வாசலில் காரை நிறுத்தி, அழுது முடித்த பிறகே வேலைக்கு வரமாட்டேன் என்று அறிவித்தேன்.

சூசை அண்ணையை உங்களில் பலருக்குக் கலியாண வீடுகளில் தெரியும். ஸ்காபரோவிலும் அஜக்ஸிலும் அவர் வீடியோ எடுக்காத மண்டபம் குறைவு. தாலி கட்டும் நேரத்தில் ஐயரையே கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லும் துணிச்சல் அந்த மன்னார்க் கத்தோலிக்க வேதக்கார மனிதருக்கு இருந்தது. "மாப்பிள்ளை, தலையை நிமித்தும். இது உம்மட கலியாணம்தான், நம்பும்" என்று அவர் சொல்லிச் சபை சிரித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவருடைய கிழமை நாட்களைப் பற்றி உங்களில் சிலருக்குத்தான் தெரியும்.

நான் வேலை செய்வது, இரண்டாம் உலக யுத்தத்தில் நாசிகளின் வதைமுகாம்களிலிருந்து தப்பிய யூத மக்களின் சாட்சியங்களைப் பதிவுசெய்து காக்கும் ஒரு காப்பகத்தில். நான் கேள்வி கேட்பவள். சூசை அண்ணை கமெராக்காரர். நகரத்தின் வடக்குப் பக்கமாக எத்தனையோ வீடுகளின் வரவேற்பறைகளில் நாங்கள் இருவரும் பகல் முழுவதும் இருந்திருக்கிறோம். "சனி ஞாயிறு சனம் சிரிக்கிறதை எடுக்கிறன். கிழமை நாளில அதுகள் பட்ட பாட்டை எடுக்கிறன். ரெண்டுக்கும் ஒரே கமெராதான்" என்று சொல்லுவார்.

ஒரு வீட்டுக்குள் போனதும் அவருடைய முதல் வேலை சமையலறைக்குப் போவது. பிரிட்ஜ் இரைந்தால் ஒலிப்பதிவில் விழும், ஆகவே அதை நிறுத்திவிடுவார். போகும்போது மறுபடி போட மறந்தால் அந்த வயதானவர்களின் பாலும் மீனும் பழுதாகிவிடும் அல்லவா? அதனால் தன்னுடைய வான் வண்டியின் திறப்பை, சாவியை, பிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவார். திறப்பு இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. திறப்பை எடுக்கப் போனால் பிரிட்ஜ் ஞாபகம் வரும். ஒருமுறை ஒரு அம்மையார் ஊறுகாய்ப் போத்தலோடு திறப்பையும் மேசைக்குக் கொண்டுவந்து, "இதுவும் உங்கள் நாட்டுச் சாப்பாடா?" என்று கேட்டார். சூசை அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆனால் கமெரா ஓடத் தொடங்கினால் அவர் வேறு ஆள். மூன்று நான்கு மணித்தியாலம் சாய்ந்து நிற்கமாட்டார். தண்ணீர் குடிக்கமாட்டார். நான் ஒருநாள், "உங்களுக்கும் சொல்லக் கதை இருக்குமே, அண்ணை. ஒருநாளைக்கு இருந்து பேசுங்கோவன்" என்று கேட்டேன். "எனக்கு உதுக்குப் பின்னால நிண்டுதான் பழக்கம். ஆளை விடும்" என்று கமெராவைத் தட்டினார். பிறகு பல தடவை கேட்டும் அதே பதில்தான்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மாரிகாலத்தில் முதியவர் ஒருவரைப் பதிவுசெய்தோம். யுத்தம் நடந்தபோது அவர் சிறுவன். அண்ணனை வேறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். விடுதலைக்குப் பிறகு அந்த அண்ணனை அவர் நாடு நாடாகத் தேடினார். கனடாவுக்கு வந்தும் தேடினார். அண்ணன் இறந்ததைக் கண்ணால் கண்ட ஊர்க்காரர் ஒருவர் இதே ரொறொன்ரோவில் இருந்தார். கிழமைக்கு ஒருமுறை தொழுகைக்கூடத்தில் இவருக்குப் பக்கத்திலேயே உட்காருவார். இரக்கத்தால் வாய் திறக்கவில்லை. சாகும் தறுவாயில்தான் சொன்னார். முதியவர் என்னைப் பார்க்காமல், கமெராவைப் பார்த்துச் சொன்னார்: "அவர் எனக்கு நம்பிக்கை தந்ததாக நினைத்தார். உண்மையில் என்னை வாசலுக்குக் காவல் வைத்தார். நான் கிழவனாகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

பதிவு முடிந்தது. சூசை அண்ணை சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் விடைபெற்று வெளியே வந்தபோது, பனிக்குள் வானுக்குப் பக்கத்தில் நின்று சட்டைப் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தார். திறப்பு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். திரும்பிப் போய் எடுத்து, பிரிட்ஜையும் போட்டுவிட்டு வந்து கொடுத்தேன். வானுக்குள் ஏறியதும் ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அந்த ஊர்க்காரன் நான்தான், தங்கச்சி" என்றார்.

சூசை அண்ணையின் சொந்த அண்ணனை, ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போனது. சில நாட்களுக்குப் பிறகு, இந்தியாவுக்குப் படகேறப் போகும் வழியில், கடற்கரையில் கிடந்த உடல்களுக்கிடையில் சூசை அண்ணை அவரைக் கண்டிருக்கிறார். நிற்க முடியவில்லை. நின்றிருந்தால் இவரும் இல்லை. படகேறினார், அகதிமுகாமில் இருந்தார், கனடாவுக்கு வந்தார். ஊரில் அண்ணி றோசலின், கணவர் உயிரோடு எங்கோ இருக்கிறார் என்று நம்பிக் கழுத்தில் தாலியோடு இருந்தார். காணாமல் போனவர்களின் உறவினர்களோடு வீதியோரப் போராட்டக் கொட்டகையில் கணவரின் படத்தைப் பிடித்தபடி வருடக்கணக்காக இருந்துவந்தார்.

"முதல் சொல்லுவம் எண்டிருக்க அம்மாவுக்கு வருத்தம், ஆசுப்பத்திரியில எண்டாங்கள். பிறகு அண்ணியின்ர பெட்டைக்குக் கலியாணம் எண்டாங்கள். இண்டைக்கு, நாளைக்கு எண்டு தள்ளினதுதான். அவ பாவம், தங்கச்சி. அந்த நம்பிக்கையிலதான் எழும்பி நடக்கிறா."

எனக்குக் கோபம் வந்தது. "இது இரக்கமில்லை, அண்ணை. நீங்கள் பயப்பிடுறியள்" என்றேன். அவர் மறுக்கவில்லை. "ஓம், பயம்தான்" என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, பிலோமினா அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மன்னாருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். அண்ணி நம்பவில்லை. "கனடாவில சுகமா இருந்துகொண்டு என்ர மனுசனைச் சாகடிக்கிறீரோ? ஆர் உம்மை உப்பிடிச் சொல்லச் சொன்னது?" என்று கேட்டு அழைப்பைத் துண்டித்தார். அதன் பிறகு இவருடைய அழைப்பை அவர் எடுக்கவே இல்லை. சூசை அண்ணை அந்த வருடம் உடைந்துபோனார். அடுத்த வருடம் நோய் வந்தது.

நோய் முற்றியபோது என்னை அஜக்ஸ் வீட்டுக்குக் கூப்பிட்டார். பேஸ்மென்ட்டில் கமெரா தயாராக நின்றது. அதற்கு முன்னால் ஒரு கதிரை. "இண்டைக்கு நீர் பின்னால நில்லும்" என்றார். உட்கார்ந்தவுடன், வெளிச்சம் பிழை, அவரை நான் மாவில் உருட்டி எடுத்தமாதிரிக் காட்டப்போகிறேன் என்று ஏசினார். இரண்டு தடவை எழுந்து வந்து தானே சரிசெய்தார். பிறகு கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, கடற்கரையில் கண்டதைப் பேசத் தொடங்கினார். பல தடவை கதிரையை விட்டு எழும்பப் பார்த்தார், ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசியில் எழுந்து வந்து, "அண்ணி கேட்டா மட்டும் குடும். கேக்காட்டி உது என்னோட போகட்டும்" என்றார். அண்ணி கேட்பார் என்று நான் நம்பவில்லை. அவர் நம்பினாரா என்றும் தெரியாது.

அடக்கம் முடிந்த அடுத்த கிழமை, மன்னாரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "நான் றோசலின். தம்பி என்னவோ பேசி வச்சிருக்கிறாராம், பிலோமினா சொன்னவ. அனுப்பும்." அவ்வளவுதான். அனுப்பினேன்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவரே மறுபடி தொலைபேசி எடுத்தார்.

"பாத்தனான், பிள்ளை. என்ர மனுசன்ர வெள்ளைச் சேட்டில ஒரு பொத்தான் மட்டும் பச்சை நூலால தைச்சுக் கிடந்தது எண்டு தம்பி சொல்லுறார். போனில அவர் இதைச் சொல்லேல்லை. சொல்ல நான் விடேல்லை." கொட்டகைப் பக்கத்து வாகன இரைச்சலுக்கு மேலால் குரலை உயர்த்தினார். "அண்டைக்கு வெள்ளை நூல் முடிஞ்சுபோச்சு. பிறகு மாத்தித் தைக்கலாம் எண்டு பச்சையால தைச்சுவிட்டனான்."

ஞாயிற்றுக்கிழமை கணவருக்கும் கொழுந்தனுக்கும் சேர்த்து இறந்தவர்களுக்கான ஒரே பூசை கொடுக்கப்போவதாகச் சொன்னார். "நீர் எழுதுற ஆளாம். எழுதும். இன்னும் எத்தினை பேர் கண்டிட்டுப் பேசாமல் இருக்கினமோ, அவை வாசிக்கட்டும்."

அவர் சொன்னபடி எழுதிவிட்டேன். அந்தப் பதிவு உரியவரின் கைக்குப் போய்விட்டது, அது என்னுடையதல்ல. சூசை அண்ணையிடமிருந்து நான் எனக்கென்று வைத்திருப்பது அவருடைய பயத்தைத்தான். எத்தனையோ பேர் பேசியதைப் பதிவுசெய்த மனிதருக்குத் தன் அண்ணியிடம் பேச இருந்த பயம். அந்தப் பயம் கடைசிவரை போகவில்லை. அதோடுதான் அவர் அந்தக் கதிரையில் இருந்தார்.