போத்தலின் தலையில் ஒரு சொட்டு

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னக் கண்ணாடிப் போத்தல் அது. மூடியும் கண்ணாடிதான், அதன் நடுவே தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு துளை. போத்தல் நிறையச் சமையல் எண்ணெயை ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்தால், மிகுந்தது துளை வழியாக வெளியே வந்துவிடும். அதைத் துடைத்துத் தராசில் வைக்க வேண்டும். போத்தல் எவ்வளவு கொள்ளும் என்பது தெரிந்ததுதான்; எடையும் தெரிந்தால் அடர்த்தி வந்துவிடும். அவ்வளவுதான் வேலை. இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்ட எனக்கு அதுவே பெரிய பரீட்சை.

கெலாங் பாத்தா பக்கம் ஓர் எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பது. எனக்கு மேலே இருந்த மிஸ்ஸுக்கு இருபத்தாறு இருக்கும். மூன்று மாதத்துக்குள் என் அளவு அவருடைய அளவோடு ஒத்துப்போனால்தான் வேலை நிரந்தரம். ஒத்துப்போகவில்லையே! ஒரே எண்ணெய், ஒரே போத்தல். நான் அளந்தால் மட்டும் குறையும். பயந்துபோய் இன்னொரு தரம் துடைத்து வைப்பேன், இன்னும் குறையும். மிஸ் என்னைச் சந்தேகப்படவே இல்லை. "நீங்க எத்தனாவது படிச்சீங்கன்னு போத்தலுக்குத் தெரியுமாக்கா?" என்பார். தராசின் மேல்தான் பழியைப் போட்டார். பழுது பார்க்கிறவர் வந்து, தராசில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். "அப்ப ஏர்கோன் காத்துதான் தராச ஆட்டுது," என்று மேனேஜருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார் மிஸ்.

அன்று மத்தியானம் போத்தலைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். மூடியின் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் முளைத்தது. துடைத்தேன். மறுபடி முளைத்தது. மேசையில் வைத்தேன், நின்றுவிட்டது. என் உள்ளங்கைச் சூட்டில் எண்ணெய் பெருத்து வெளியே வந்திருக்கிறது. நிறுக்க வேண்டியதை மூன்று மாதமாக நானே துடைத்துப் போட்டிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு இனிமேல் ஒழுங்காகப் பிடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கடிதம் போனால் மிஸ்ஸுக்கல்லவா தலைகுனிவு? நேராக அவர் மேசைக்குப் போனேன்.

"மிஸ், ஏர்கோன் இல்ல. என் கைதான்."

சொன்னதைக் கேட்டுவிட்டு என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "அலமாக்! தோசைக்கல்லு லா இது! மூணு மாசமா எண்ணெயக் காய்ச்சிக்கிட்டா இருந்தீங்க?"

"வேல போயிருமா மிஸ்?"

"கையத்தான் வேலைய விட்டு நிப்பாட்டணும்," என்று சிரித்துக்கொண்டே கடிதத்தைக் கிழித்தார். திசுத்தாளை மடித்துப் போத்தலின் கழுத்தை மட்டும் பிடித்து அளந்தேன். அவருடைய அளவேதான் வந்தது. வேலையை உறுதிசெய்த தாளில், குறிப்பு என்ற இடத்தில் 'போத்தலைக் கழுத்தில் பிடிப்பார்' என்று எழுதியிருந்தார்.

மிஸ் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறார். இங்கே அடர்த்தி அளக்கப் புது மிஷின் வந்துவிட்டது; கொஞ்சம் எண்ணெய் விட்டால் அளவைக் காட்டிவிடும். எனக்குத்தான் நம்பிக்கை வராது. போன வாரம் மிஷின் சொன்னதைச் சரிபார்க்கப் பழைய போத்தலை அலமாரியிலிருந்து எடுத்தேன். நிரப்பித் துடைத்து நிறுத்தேன், இரண்டும் ஒத்துப்போயின. வந்த சந்தோஷத்தில் போத்தலைக் கையில் ஏந்திப் படம் பிடித்து மிஸ்ஸுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "அக்கா, மொதல்ல போத்தலக் கீழ வைங்க."

குனிந்து பார்த்தேன். மூடியின் தலையில் ஒரு சொட்டு.