திருக்கோகர்ணத்து லேகியம்

பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு என் மனைவி சிரிக்கவே இல்லை. நான் வேலை பார்த்த சமஸ்தானக் கச்சேரியையே சிரிக்க வைக்கும் என் வேடிக்கைப் பேச்சு அவளிடம் பலிக்கவில்லை. திருக்கோகர்ணத்து வைத்தியரிடம் போய்வந்து, அவர் கொடுத்த வல்லாரை லேகியத்தை ஒரு மாதம் தின்றவள், “அவங்க ரொம்ப நல்லவங்க” என்று முகம் மலர்ந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. மனிதர் வசிய மருந்து வைத்துவிட்டார்! சோதித்துப் பார்க்க ஓர் உருண்டையை விழுங்கினேன். பிறகுதான் உறைத்தது: வசியம் பலித்தால் நானும் அல்லவா அந்தத் தாடிக்கார வைத்தியர் பின்னால் அலைய வேண்டும்! வியர்த்து விறுவிறுத்து அவளிடமே உளறினேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். “கூறுகெட்ட மனுசன்! அவங்க நம்ம புள்ளையப் பத்திக் கேட்டாங்க, சொன்னேன். நீங்க ஒருநாளாச்சும் கேட்டீங்களா?”

கேட்டால் நான் அழுதுவிடுவேனே என்று பயந்து வேடிக்கை பேசியவன் நான். அன்று கேட்டேன். எனக்கு முன்பே கேட்டுவிட்ட அந்த மனிதர்மேல் பொறாமை மட்டும் இன்னும் தீரவில்லை.